ஐயரம்மா பதில்கள்: சுவிசேஷம் சொல்லாமல் விட்ட இடம்

லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், வீட்டில் டி.வி.யை நிறுத்திவிடுகிறோம், இயேசு படம் மட்டும் பார்க்கலாமா என்று போன மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார். ‘பாருங்கள், பார்த்து முடித்ததும் வேதத்தைத் திறங்கள்’ என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. படித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான். பெயர்களை விட்டுவிட்டேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள், மற்றவர்களுக்கும் அதுவே நல்லது.

பெரிய வெள்ளி அன்று மும்மணி ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயத்தில் ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். என் 9 வயது மகள் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. “ஆண்டவர் நமக்காகப் பட்ட பாடுதானே, பிள்ளையும் பார்க்கட்டும்” என்கிறார் மாமியார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த நான் விசுவாசத்தில் குறைந்தவளா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

மகளே, முதலில் பிள்ளையைப் பார்ப்போம். இன்றைக்கும் விளக்கு எரியட்டும். பக்கத்தில் படுத்துக்கொண்டு, எதைப் பார்த்துப் பயந்தாய் என்று அவள் வாயாலேயே சொல்ல விடுங்கள். நாம் நினைக்கிற காட்சியாக அது இருக்காது. என் பேரன் இதே படத்தை யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. சாட்டையடியைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். அது இல்லை. யூதாசைத் துரத்துகிற சிறு பிள்ளைகளின் முகம் திடீரென்று விகாரமாக மாறுகிறதே, அதுதான் அவனைப் பிடித்து ஆட்டியது. “அது வேதத்திலேயே கிடையாதுடா” என்றேன். “நிஜமா ஆச்சி?” என்று கேட்டான். நாலு சுவிசேஷத்தையும் கையில் எடுத்துக் காட்டிய பிறகுதான் தூங்கினான்.

2004இல் அந்தப் படம் வெளிவந்தபோது, 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்ற வகையில்தான் அமெரிக்காவிலேயே சான்று கொடுத்தார்கள். ஆலயத்துக்குள் போடுவதால் அதே காட்சி பிள்ளைக்கு இதமாகிவிடாது. நீங்கள் எழுந்து வந்தது தாய் செய்கிற காரியம்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளவில்லை. பாடுகளைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். எந்த அளவுக்கு என்பதைச் சுவிசேஷகர்களிடமே கேட்போம். சாட்டையடியை யோவான் எப்படிச் சொல்கிறார்? ‘அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்.’ அவ்வளவுதான். மத்தேயுவும் மாற்குவும் அதற்கும் குறைவாகச் சொல்கிறார்கள். லூக்காவில், தண்டித்து விட்டுவிடுகிறேன் என்று பிலாத்து சொல்வதோடு சரி. ஆணி அறைந்ததற்கு நான்கு பேரும் சேர்ந்து தந்திருப்பது சில சொற்கள். அடி எப்படி இருக்கும் என்று அந்தக் காலத்து மக்களுக்குத் தெரியும், விவரிக்கத் தேவை இருந்திருக்காது என்று சபைப் போதகரான, அதாவது ஐயரான, என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். ஆனாலும், பேதுருவின் மறுதலிப்புக்குச் சேவல் கூவியது முதல் கரிநெருப்பு வரை சொன்னவர்கள், இந்த இடத்தில் ஒரே வாக்கியத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஒரு வாக்கியத்தை நிமிடக்கணக்கில் காட்ட வேண்டுமானால் மீதியை வேறெங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். ஜெர்மனியில் ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற கன்னியாஸ்திரீ இருந்தார். படுக்கையில் கிடந்தபடியே அவர் கண்ட தரிசனங்களை பிரெண்டானோ என்ற கவிஞர் எழுதிவைத்து 1833இல் புத்தகமாக்கினார். படத்தின் பல காட்சிகளுக்கு அந்தப் புத்தகமே மூலம்.

இப்படி நிரப்புவதே தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். மரியாளின் கணவர் யோசேப்பைப் பற்றி வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணியில் 3,615 பாடல்கள். யோசேப்பைப் பற்றிச் சுவிசேஷம் சொல்வதைச் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. அவரும் ஆகிரேதா ஊர் மரியாள் என்ற ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரீயின் நூலைத் துணையாக வைத்துக்கொண்டார். இப்போது பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் படிக்கிறார்களே, தாய் எலிசபெத்து காட்டில் இறந்துபோக, மகன் கருணையன், அதாவது நம் யோவான் ஸ்நானன், மலர்ப் படுக்கையில் அவளை அடக்கம் செய்துவிட்டுப் புலம்புகிற பகுதி, அதுவும் வேதத்தில் இல்லை. எலிசபெத்து எப்படி மரித்தாள் என்று லூக்கா சொல்லவே இல்லை. ஆனால் பெற்றவளுக்காக மகன் அழுவது சுவிசேஷத்தில் எதற்கும் விரோதமில்லை. நாளைக்கு வனாந்தரத்தில் நின்று சத்தமிடப்போகிறவனின் உள்ளே இருந்த பிள்ளையை நமக்குக் காட்டுகிறது.

இதோடு அந்தப் படத்தில் வரும் ஒரு காட்சியை வைத்துப் பாருங்கள். இயேசுவைப் பரிகசித்த கள்ளனின் சிலுவைமேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்து அவன் கண்ணைக் கொத்துகிறது. இதுவும் லூக்காவில் இல்லை. ஆனால் இது வெறும் கூடுதல் காட்சி இல்லை, மகளே. அதே அதிகாரத்தில்தானே ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்’ என்று ஆண்டவர் ஜெபிக்கிறார்? தம்மைத் திட்டியவனுக்கு அவர் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. அவர் தண்டிக்காதவனைப் படம் தண்டிக்கிறது. பார்க்கிற நமக்கும் உள்ளுக்குள் ‘வேண்டும் அவனுக்கு’ என்று ஒரு திருப்தி வந்துவிடுகிறது. நான் பயப்படுவது இதற்குத்தான். ரத்தத்தைவிட இதற்கு.

சுவிசேஷம் சொல்லாமல் விட்ட இடத்தைக் கலைஞன் நிரப்பட்டும். நிரப்பியது, சுவிசேஷம் காட்டுகிற அந்த மனிதரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். கீழே வரும் கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு தராசைத்தான் கையில் எடுக்கப்போகிறேன்.

உங்கள் போதகரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு, பெரியவர்களுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள்.

ஓ.டி.டி.யில் ‘தி சோசன்’ என்ற இயேசுவின் வாழ்க்கைத் தொடர் பார்க்கிறேன். இப்போது கண்ணை மூடி ஜெபித்தால் அந்த நடிகரின் முகம்தான் வருகிறது. இது விக்கிரக ஆராதனையா? தொடரை நிறுத்திவிடவா?
- ஒரு வாசகர், மதுரை

தம்பி, தொடர் பார்ப்பதற்கு முன்னால் என்ன முகம் வந்தது? யோசித்துச் சொல்லுங்கள். எனக்கு வந்தது எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருந்த படம். பழுப்பு நிறத் தலைமுடி, ஒரு பக்கமாகப் பார்க்கிற கண்கள், முகத்தில் விழும் வெளிச்சம். பாதிக் கிறிஸ்தவ வீடுகளில் அதுதான் தொங்கும். சிகாகோவில் வார்னர் சால்மன் என்பவர் 1940இல் வரைந்தது அது என்று எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. பிறந்ததிலிருந்து நான் ஜெபித்த முகம், அமெரிக்க ஓவியர் ஒருவர் மனதில் தோன்றிய முகம். அன்றைக்கு எனக்கும் உங்களைப் போலவே கலக்கமாக இருந்தது.

நாலு சுவிசேஷத்திலும் ஆண்டவரின் உயரம், நிறம், கண், மூக்கு எதுவும் இல்லை. அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குக்கூட அதைச் சொல்லத் தோன்றவில்லை. அந்த இடம் வெறுமையாக இருப்பதும் ஒரு தயவுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஏனென்றால் பேதுரு யாருக்கு எழுதுகிறார்? ‘அவரை நீங்கள் காணாமலிருந்தும் அவரிடத்தில் அன்புகூருகிறீர்கள்’ என்று. 1959இல் வந்த ‘பென்ஹர்’ படத்தில் இயேசுவின் முகத்தைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள். முதுகும் கையும்தான். எதிரே நிற்கிற ரோமப் போர்வீரனின் முகம் மாறுவதை வைத்து அவர் எப்படிப் பார்த்தார் என்று நாமே அறிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். எண்பதுகளில் என் வீட்டுக்காரர் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்னச் சபையில் ஊழியம் செய்தார். லூக்கா சுவிசேஷத்தை அப்படியே படமாக எடுத்தார்களே, 1979இல் வந்த ‘இயேசு’ படம், அதன் தமிழ்ப் பிரதியை ஒரு குழு ஜீப்பில் கொண்டுவந்தது. ஆலயத்துக்கு வெளியே இரண்டு பனைமரத்துக்கு நடுவில் வெள்ளைத்துணி. ஜெனரேட்டர் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை. ரீல் மாற்றுகிற நேரத்தில் பிள்ளைகள் துணியில் நிழல்மான் காட்டினார்கள். சேவகர்கள் அடிக்கிற இடம் வந்ததும் முன்வரிசையிலிருந்த ஒரு பனையேறி வீட்டுப் பாட்டி எழுந்து, “லேய், விடுங்கலே அவர!” என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பதனீர்ச் செம்போடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். “ஐயரம்மா, நேத்து அடி வாங்குச்சே ஒரு பிள்ள, அதுக்கு இப்போ சுகமாயிருக்கா?” என்று கேட்டாள். நடிப்பு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நடிகனுக்கு எங்காவது பட்டிருக்குமோ என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. ஊர் பேர் தெரியாத அந்தப் பையனுக்காக என்னை ஜெபிக்கச் சொன்னாள், ஜெபித்தேன்.

உங்களுக்கு நான் சொல்வதும் இதுதான். அந்த முகம் வரும்போது அதோடு சண்டை போடாதீர்கள், போட்டால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். ‘ஆண்டவரே, இவர் நடிகர், இவரையும் ஆசீர்வதியும்’ என்று அவருக்காக ஒரு வரி ஜெபித்துவிட்டு உங்கள் ஜெபத்தைத் தொடருங்கள். அந்த நடிகரும் ஒரு விசுவாசிதான், கத்தோலிக்கர். ஜெபம் அவருக்குப் பயன்படும். தொடரை நிறுத்த வேண்டாம். ஒரு பகுதி பார்த்தால் மறு பகுதிக்கு முன்னால் அந்தச் சம்பவம் வருகிற அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். சத்தமாக என்று சொல்வதற்குக் காரணம், காதில் விழுகிற உங்கள் குரலுக்கு முகம் கிடையாது.

என் மகனுக்கு 12 வயது, ஆட்டிசம் உண்டு. ‘தி சோசன்’ தொடரில் வரும் மத்தேயுவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். “அவனும் என்ன மாதிரிம்மா” என்கிறான். சபையில் ஒரு மூப்பர், “மத்தேயுவுக்கு ஆட்டிசம் என்று எந்த வேதத்தில் இருக்கிறது? பொய்யைப் பிள்ளைக்குக் காட்டாதே” என்று அவன் முன்னாலேயே சொல்லிவிட்டார். அழுதுவிட்டான். என்ன சொல்லித் தேற்றுவது?
- ஒரு தாய், கோயம்புத்தூர்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அவன் அழுதது எனக்கும் வலிக்கிறது.

மூப்பர் சொன்ன செய்தி சரி. சொன்ன இடமும் விதமும்தான் சரியில்லை. மத்தேயு அப்படிப்பட்டவர் என்று வேதத்தில் கிடையாது, தொடரை எடுத்தவர்களின் கற்பனை அது. அவர்களே முதல் பகுதியின் தொடக்கத்தில், பாத்திரங்களுக்குப் பின்கதையும் சில வசனங்களும் நாங்கள் சேர்த்தவை, சுவிசேஷங்களை வாசியுங்கள் என்று எழுதிக் காட்டியிருக்கிறார்கள். மகனிடம் இதை மறைக்காதீர்கள். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் உண்மையை நேராகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், பூசி மெழுகினால்தான் தவித்துப்போவார்கள் என்பதைப் பள்ளியில் பார்த்திருக்கிறேன். ‘மத்தேயு எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. உன்னைப் போல இருந்திருந்தாலும் இயேசு கூப்பிட்டிருப்பார்’ என்று சொல்லுங்கள். இரண்டு வாக்கியமும் உண்மை. அவரைக் கூப்பிட்டதைப் பற்றி மத்தேயு சுவிசேஷத்தில் உள்ளது ஒரே வசனம்தான். ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தார், இயேசு கண்டார், ‘எனக்குப் பின்சென்று வா’ என்றார், எழுந்து போனார். ஊரே வெறுத்த வரிகாரனை முதலில் சரியாக்கிவிட்டுப் பிறகு கூப்பிடவில்லை. அப்படியே, மேசையிலிருந்தபடியே கூப்பிட்டார். தொடரில் வரும் மத்தேயு இந்த வசனத்தோடு ஒத்துப்போகிறான்.

அவனுக்கு எண்கள் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, மத்தேயு முதல் அதிகாரத்தை அவன் கையில் கொடுங்கள். எல்லோரும் தாண்டிப் போகிற வம்சவரலாறு. 17ஆம் வசனத்தில் மத்தேயு கணக்கு சொல்கிறார்: ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினாலு, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை பதினாலு, அங்கிருந்து கிறிஸ்து வரை பதினாலு. மகனை எண்ணச் சொல்லுங்கள். கடைசிக் கூட்டத்தில் பதின்மூன்றுதான் வருகிறது என்று கண்டுபிடித்து உங்களிடம் ஓடிவருவான். எகொனியாவை இரண்டு தடவை எண்ணினால் சரியாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள். அவன் கைப்பட எழுதினால் இன்னும் சந்தோஷம்.

என் கணவர் குடித்துவிட்டு அடிப்பார். மகளிர் ஜெபக்குழுவில் ‘வார் ரூம்’ படத்தைப் போட்டுக் காட்டி, “அந்த மனைவி மாதிரி நீயும் ஓர் அறையில் அடைபட்டு ஜெபி, அவர் மாறுவார், அம்மா வீட்டுக்குப் போகாதே” என்றார்கள். எட்டு மாதமாக ஜெபிக்கிறேன். போன வாரம் கை எலும்பு விரிசல் விட்டது. என் ஜெபத்தில் என்ன குறை?
- ஒரு வாசகி

உன் ஜெபத்தில் ஒரு குறையும் இல்லை, என் மகளே. இதைப் படித்ததும் முதல் வேலையாக 181க்குப் போன் பண்ணு. பெண்களுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005இல் சட்டம் வந்திருக்கிறது. மாவட்டந்தோறும் அதற்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு. கையை எக்ஸ்ரே எடுத்த சீட்டைப் பத்திரமாக வை. அம்மா வீட்டுக்குப் போ.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். வயதான ஒரு அம்மா, துணி அலமாரி அறையைக் காலி செய்து ஜெப அறையாக்கி வைத்திருப்பதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்று ஆண்டவர் சொன்னதை அப்படியே செய்கிறாள். அதில் குற்றம் காணமாட்டேன். ஆனால் கவனி. அந்தக் கணவன் வேறொரு பெண்ணோடு சாப்பிடப் போகிறான், வேலை செய்யும் கம்பெனியின் மருந்தைத் திருடுகிறான். மனைவியின் கையை முறிக்கிறவன் இல்லை. அவள் வீட்டில் ஜெபிக்கிற அதே நேரத்தில் அங்கே அவனுக்கு வயிற்றைப் புரட்டுகிறது, அடுத்த ஒரு மணி நேரத்தில் குடும்பம் ஒன்றாகிவிடுகிறது. படம் முடிந்தாக வேண்டுமே. உன் வீட்டுக்கு இடைவேளையும் கிடையாது, முடிவும் எழுதி வைக்கப்படவில்லை.

‘போகாதே’ என்று சொன்னவர்கள் அந்த வார்த்தையைப் படத்திலிருந்தும் எடுக்கவில்லை, வேதத்திலிருந்தும் எடுக்கவில்லை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி, அன்றிரவே ஓடித் தப்பினான். ஜெபத்தில் தாவீதைவிடப் பெரியவர் யார்? நாசரேத்து ஊரார் மலைச்சிகரத்திலிருந்து தள்ளப் பார்த்தபோது ஆண்டவர் அவர்கள் நடுவிலிருந்து கடந்து போனார். கல்லெடுத்தபோது மறைந்துகொண்டார். அவருடைய வேளை வரும்வரை யார் கையிலும் அவர் அகப்படவில்லை. உன் கணவர் மனம் திரும்ப நானும் ஜெபிக்கிறேன். நீ உன் தாய் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜெபித்தாலும் அதே பிதா கேட்பார்.

உன் கடிதத்தில் முகவரி இல்லை. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய், என் எண்ணைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாலிபர் கூடுகையில் ‘காட்ஸ் நாட் டெட்’ போட்டார்கள். நாத்திகப் பேராசிரியர் தோற்கும்போது எல்லோரும் கைதட்டினார்கள். என் துறைப் பேராசிரியரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்தான். அப்பா இறந்த வருடம் என் கட்டணத்தைக் கட்டியவர் அவர். எனக்குக் கைதட்ட வரவில்லை.
- ஒரு மாணவி, தாம்பரம்

வராததற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லம்மா.

2014இல் வந்த அந்தப் படத்தில், ‘கடவுள் இறந்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்று முதல் வகுப்பிலேயே பேராசிரியர் கட்டாயப்படுத்துகிறார். ஒரு பையன் மறுக்கிறான். அந்தப் பையனின் தைரியம் எனக்குப் பிடித்தது. ஆனால் விசுவாசம் இல்லாத ஒவ்வொருவரையும் அந்தக் கதை எப்படி வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார். கொடுமைக்காரர், சுயநலக்காரர், மகளை அடிக்கிற தகப்பன். அந்தப் பேராசிரியரின் நாத்திகத்துக்குக் காரணம்கூட யோசனை இல்லை, தாயைப் பறிகொடுத்த கோபம். கடைசியில் கார் மோதி, சாகும் தறுவாயில்தான் அவருக்கு மனம் திரும்ப இடம் கொடுக்கிறார்கள்.

‘பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.’ இந்தக் கட்டளை சினிமாவுக்கும் உண்டு. பிறன் என்பதில் நாத்திகனும் அடக்கம்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தார், பெரியார் கட்சி. மதம் என்று பேச்செடுத்தால் என்னை விடமாட்டார், நானும் விடமாட்டேன். மூத்தவனை வயிற்றில் சுமந்த மாதங்களில் கடைசிப் பீரியடுக்கு மாடி ஏற முடியாமல் இருந்தேன். ஒருநாள் மெதுவாக ஏறிப் போய்ப் பார்த்தால், அவர் என் வகுப்பில் தேம்பாவணி நடத்திக்கொண்டிருக்கிறார். தலைமையாசிரியரிடம்கூடச் சொல்லவில்லை. பேறுகால விடுப்பு வரைக்கும் அவர்தான் எடுத்தார். எங்கள் ஆலயத்தில் எனக்கு அப்படி ஒத்தாசை செய்தவர்கள் குறைவு.

கதை சொல்வதில் நம் ஆண்டவரைப் பார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவர்கள் ஆசாரியனும் லேவியனும், சொந்தக் கூட்டத்தார். காயம் கட்டினவன் கேட்கிறவர்கள் அருவருத்த சமாரியன். கேட்டுக்கொண்டிருந்த யாரும் அன்று கைதட்டியிருக்கமாட்டார்கள்.

அடுத்த கூடுகையில் சாட்சி நேரத்தில் எழுந்து, உன் பேராசிரியரைப் பற்றிச் சொல். வாதாடாதே, நடந்ததை மட்டும் சொல்.

எனக்கு வயது 81. சினிமாக் கொட்டகை வாசலை மிதித்தாலே சபையில் பேச்சு வந்த காலம் போய், இன்று ஆலயத்துக்குள்ளேயே திரை தொங்குகிறது. இன்னொரு பக்கம், நம்மைப் பழிக்கிற படம் வந்தால் ஊர்வலம் போகிறார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.
- ஒரு வாசகர், நாகர்கோவில்

ஐயா, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். முதலாவதில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் அம்மா வாழ்நாளில் கொட்டகையில் பார்த்தது ஒரே படம், 1948இல் வந்த ‘ஞானசௌந்தரி’. நாங்கள் சீர்திருத்த சபை, மாதா பாட்டு வீட்டில் ஆகாது. இருந்தும் ஆட்டுக்கல் சுற்றும்போது ‘அருள் தாரும் தேவமாதாவே’ என்று வாய்க்குள் முனகுவாள், அப்பா வருகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடியபோதும், கூத்துக்காரர் வடிவம் கர்த்தருக்கு எதற்கு என்று கேட்டிருக்கலாம். இன்றைக்கு அவர் பாட்டு இல்லாமல் நமக்குப் பண்டிகை இல்லை.

இரண்டாவதில் முழுக்க உங்கள் பக்கம். 2006இல் ‘தி டாவின்சி கோட்’ படத்தை நம் மாநில அரசு தடை செய்தது, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அந்த வாரங்களில் எங்கள் சபையில் எல்லோரும் கொதித்தார்கள். பெண்கள் ஐக்கியத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நம்மிடம் ஏன் நான்கு சுவிசேஷங்கள் மட்டும் இருக்கின்றன என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் சரியாகத் தெரியாது. அதன்பின் ஆறு மாதம் உட்கார்ந்து படித்தோம். அந்தப் படத்துக்கு நான் பட்ட நன்றி அது ஒன்றுதான்.

வாலிபர்களுக்குக் காட்ட ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?
- ஒரு வாலிபர் தலைவர், திருச்சி

1981இல் வந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’. எரிக் லிடல் என்ற ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று ஓட மறுத்த கதை. அவருடைய எதிராளியான ஆபிரகாம்ஸ் யூதர். அவரையும் படம் அதே மரியாதையோடு காட்டுகிறது, மேலே தாம்பரம் மாணவிக்குச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படமும் இடைவெளியை நிரப்பியிருக்கிறது. கப்பல் ஏறும்போதுதான் ஞாயிறு விஷயம் லிடலுக்குத் தெரியவருவதுபோலக் காட்டுவார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அதனால்தான் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்க முடிந்தது, 47.6 விநாடியில் ஓடித் தங்கமும் வாங்கினார். எனக்கு உண்மைதான் இன்னும் பிடிக்கிறது. ஒரு நொடியில் எடுத்த வீரமான முடிவு அல்ல, மாதக்கணக்கில் எல்லோரும் ஏசியும் மாற்றிக்கொள்ளாத முடிவு.

படத்தைப் போட்டு முடித்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, படத்தில் வராத மீதிக் கதையை நீங்கள் சொல்லுங்கள். அடுத்த வருடமே லிடல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போய்விட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் 1943இல் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது, அதில் அவர் மாறவில்லை. பிள்ளைகள் ஒரு ஞாயிறு தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள், நடுவர் இல்லாமல் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடலே மைதானத்துக்கு வந்து அவர்களுக்கு நடுவராக நின்றார். 1945 பிப்ரவரியில், முகாம் விடுதலையாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், மூளைக்கட்டியால் அங்கேயே இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 43.

தங்கத்துக்காக ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர் ஏன் அந்த ஞாயிறு மைதானத்துக்கு வந்தார் என்று வாலிபர்களிடம் கேளுங்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். அன்று இரவு அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போகட்டும்.